சமையலறைக் கதவுகளுக்குப் பெயின்ட், மேடைச் சுவருக்கு டைல்ஸ்: முதல்முறை கையில் எடுப்பவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

புதுக்கை:

வணக்கம். ஆளை வைக்காமல் எங்கள் சமையலறையை நாங்களே சீர்செய்வது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் இருவரின் முன்னனுபவம் என்று சொல்லத்தக்கது, பகுதி பகுதியாக வந்த ஒரு புத்தக அலமாரியைப் பொருத்தியதும், படுக்கையறைச் சுவர் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்ததும் மட்டுமே. அந்தச் சுவரில் ரோலர் போன தடங்கள் மாலை வெயில் சாய்வாக விழும்போது இன்றைக்கும் தெரிகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செய்ய நினைப்பவை இரண்டு. முதலாவது, அலமாரிகளின் 14 கதவுகளுக்கும் 5 இழுப்பறை முகப்புகளுக்கும் புதிதாகப் பெயின்ட் அடிப்பது. கதவுகள் மரத்தால் ஆனவை. அவற்றின் மேல் மினுமினுப்பான பழைய பெயின்ட் இருக்கிறது. அலமாரியின் பக்கப் பலகைகள் மட்டும் மைக்கா ஒட்டியவை. இரண்டாவது, மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடைப்பட்ட சுவரில் டைல்ஸ் பதிப்பது. அந்த இடம் 304 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. இப்போது அங்கே பெயின்ட் மட்டுமே இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மஞ்சளாகிவிட்டது. நடுவில் மூன்று சுவிட்ச் பெட்டிகள் உள்ளன. மேடையும் சுவரும் சேரும் இடத்தில் இடுக்கை அடைக்க எப்போதோ வைத்த சிலிகான் கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கிறது. கல் மேடையையும் சிங்க்கையும் நாங்கள் தொடப்போவதில்லை.

பெயின்ட் முதலிலா, டைல்ஸ் முதலிலா என்பதிலேயே எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. உப்புத்தாள் போடத் தேவையில்லை என்று டப்பாவிலேயே அச்சிட்ட ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒன்றைப் பார்த்தோம். அதை நம்பித் தேய்ப்பு வேலையை விட்டுவிடலாமா? பெயின்ட் அடித்த சுவரின் மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா? இரண்டு வார இறுதிகளில், அதாவது நான்கு நாட்களில், இவை அனைத்தையும் முடித்துவிட முடியுமா? வீட்டில் சமையல் நின்றுபோகாமல் இதைச் செய்தாக வேண்டும் என்பது எங்களுக்கு மிக முக்கியம்.

நிதானி:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை. நான்கு நாட்களில் முடியாது. உங்கள் கை வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. 14 கதவுகளுக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ப்ரைமர் ஒரு முறை, பெயின்ட் இரண்டு முறை என்று வைத்துக்கொண்டால் அதுவே 84 முறை பூசும் வேலை. இழுப்பறை முகப்புகளுக்கு முன்பக்கம் மட்டும் என்றாலும் இன்னும் 15 சேர்ந்து 99 ஆகிறது. ஒரு பக்கம் காயாமல் மறுபக்கம் திருப்ப முடியாது. ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் போட முடியாது. இதில் கழுவுவதும் தேய்ப்பதும் கணக்கில் வரவே இல்லை. காத்திருக்கும் நேரம்தான் இந்த வேலையின் பெரும்பகுதி என்பதை ஏற்றுக்கொண்டு திட்டம் போட்டால், வார நாட்களின் மாலையில் ஒரு மணி நேரம் என்று பிரித்து நான்கைந்து வாரங்களில் நிம்மதியாக முடிக்கலாம்.

சமையல் நிற்காமல் இருக்க, கதவுகளை இரண்டு தவணையாகக் கழற்றுங்கள். முதலில் அடுப்புக்குத் தொலைவிலுள்ள ஏழு, அவை திரும்பி மாட்டப்பட்ட பிறகு மீதி ஏழு. கதவில்லாத அலமாரியிலிருந்து பாத்திரம் எடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் சிங்க்கும் அடுப்பும் ஒரே நாளில் பயன்படாமல் போனால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

எது முதலில் என்ற கேள்வியைச் சிறிது மாற்றிக் கேட்க வேண்டும். கழற்றிய கதவுகளுக்கு வேறு அறையில் பெயின்ட் அடிப்பதால் அவற்றுக்கும் டைல்ஸுக்கும் தொடர்பே இல்லை; இரண்டும் ஒரே காலத்தில் நடக்கலாம். சுவரோடு நிற்கும் அலமாரிச் சட்டத்துக்கும் பக்கப் பலகைக்கும் மட்டும்தான் வரிசை முக்கியம். அங்கே டைல்ஸை முதலில் முடித்துவிடுங்கள். பசையும், டைல்களின் இடைவெளியை நிரப்பும் கிரௌட் கலவையும் தெறிக்காமல் ஒரு முதல்முறைக்காரர் டைல்ஸ் பதித்து நான் பார்த்ததில்லை. பழைய பெயின்டின் மேல் தெறித்தால் துடைத்துவிட்டுப் போகலாம்; புதுப் பெயின்டின் மேல் தெறித்தால் மனம் தாங்காது. புதுச் சிலிகான் எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் சிலிகானின் மேல் பெயின்ட் ஒட்டாது.

எரிவாயுக் குழாயை நகர்த்துவது, மின்கம்பியை நீட்டுவது ஆகிய இரண்டும் இந்தத் திட்டத்துக்குள் எந்த வழியாகவும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இதையும் கையோடு செய்துவிடலாமே" என்ற எண்ணம் மூன்றாம் நாளில் கட்டாயம் வரும்.

தூரிகை:

ப்ரைமர் டப்பாவில் அச்சிட்டிருப்பது பொய் இல்லை, ஆனால் அது ஒரு சுத்தமான பலகையைப் பற்றிய உண்மை. சமையலறைக் கதவு சுத்தமான பலகை அன்று. என் முதல் முயற்சியில் கதவுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நேரே ப்ரைமர் அடித்தேன். பார்வைக்கு மிக நன்றாகவே வந்தது. மூன்றாம் மாதத்தில் கைப்பிடிகளைச் சுற்றி நகம் பட்ட இடமெல்லாம் தோல் உரிவது போல உரிந்து வந்தது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோது அதன் அடிப்பக்கம் விரலில் வழவழத்தது. பெயின்ட் பலகையைப் பிடிக்காமல் பிசுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. கை படும் இடங்களிலும், அடுப்புக்கு மேலும் பக்கத்திலும் உள்ள கதவுகளிலும்தான் பிசுக்கு அதிகம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் ஒரு மெல்லிய படலம் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் வேலை கழுவுவது, இரண்டாவது தேய்ப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. பிசுக்கு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், தாளே அந்தப் பிசுக்கைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். வெந்நீரில் சலவை சோடாவையோ, பிசுக்கு நீக்குவதற்கென்றே விற்கும் கரைசலையோ கலந்து, கையுறை அணிந்து, பஞ்சால் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்தெடுங்கள். இரண்டாவது துடைப்பைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள், சோடாவின் மிச்சமும் பெயின்டைப் பிடிக்கவிடாது. மர விளிம்புகளில் தண்ணீர் தேங்கினால் மரம் ஊறும். துணி ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, சொட்டக் கூடாது.

தேய்ப்பதைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் அச்சம் தேவையற்றது. பழைய பெயின்டை முழுவதும் சுரண்டி எடுப்பது நோக்கமில்லை. அதன் மினுமினுப்பு மங்கி, புதுப் பூச்சு பற்றிக்கொள்ள நுண்ணிய கீறல்கள் விழுந்தால் போதும். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்துக் காயவிட்டு, 220 எண்ணில் முடித்தால் ஒரு கதவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. தூசியைத் துடைத்த பிறகு ப்ரைமர். மைக்கா பலகைக்கு மரத்துக்கான சாதாரண ப்ரைமர் போதாது. வழவழப்பான பரப்பில் பற்றுவதற்கென்று செய்யப்பட்ட ப்ரைமர் வேண்டும். சில மரங்கள் தம் சாயத்தை வெளியே கசியவிடும். வெள்ளைப் பெயின்டின் மேல் தேநீர்க் கறை போன்ற திட்டுகள் வந்தால் அது அழுக்கு இல்லை, மரத்தின் சாயம். அரக்கை அடிப்படையாகக் கொண்ட ப்ரைமர் அதை அடைத்து நிறுத்தும். பெயின்ட் அடிக்கும்போதே சிறுசிறு வட்டக் குழிகளாக விலகி நின்றால், அங்கே சிலிகானோ எண்ணெயோ மிச்சம் இருக்கிறது என்று பொருள்; அதன் மேல் இன்னொரு பூச்சு போட்டு மறைக்க முயலாமல், காயவிட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி தொடங்குங்கள்.

ரோலர் தடம் பற்றிச் சொன்னீர்கள். சுவருக்குப் பயன்படுத்தும் முடி நீண்ட ரோலரைக் கதவுக்குப் பயன்படுத்தாதீர்கள். நான்கு அங்குல நுரை ரோலரால் மெல்லிய பூச்சாகப் போட்டு, பெயின்ட் இறுகத் தொடங்கிய பிறகு திரும்பப்போய்த் தொடாமல் விட்டுவிட்டால் அது தானே சமனாகும். கெட்டியான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு எப்போதும் மேல்.

கதவுகளுக்கு எண் போடுவதை மறந்துவிடாதீர்கள். முன்பக்கத்தில் ஒட்டிய காகிதத் துண்டு பெயின்ட் அடிக்கும்போது போய்விடும். உள்பக்கம் மறைந்திருக்கும் கீலாக இருந்தால், அது உட்காரும் 35 மில்லிமீட்டர் வட்டக் குழிக்குள் பென்சிலால் எண்ணை எழுதி, அதன் மேல் நாடாவை ஒட்டிவிடுங்கள். அங்கே பெயின்டும் படாது, எண்ணும் அழியாது. ஒவ்வொரு கதவின் கீல்களையும் திருகுகளையும் அதே எண் எழுதிய பையில் தனியாகப் போட்டு வையுங்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் பல ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்த கீல் அந்தக் கதவுக்கென்று பழகியிருக்கும்.

மட்டக்கோல்:

டைல்ஸ் பற்றி. பெயின்ட் மேல் ஒட்டலாமா என்பதற்கு ஆம், இல்லை என்று விடை சொல்ல முடியாது. பசை பெயின்டைப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூரான கத்தியால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, அதன் மேல் வலுவான நாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் செதில்கள் நாடாவோடு வந்தால் அந்தச் சுவரில் டைல்ஸ் நிற்காது. வராவிட்டால், பிசுக்கை முழுவதும் கழுவிவிட்டு, முரட்டு உப்புத்தாளால் பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒட்டலாம். அடுப்புக்குப் பின்னால், சிங்க்குக்குப் பின்னால், நடுவில் என்று மூன்று இடங்களிலாவது சோதியுங்கள். ஒரே சுவரில் மூன்று விடைகள் கிடைப்பதுண்டு.

பெயின்டுக்கு அடியிலுள்ள சுவர்ப் பூச்சு எத்தகையது என்பதையும் பாருங்கள். சிமென்ட் பூச்சு என்றால் எடையைப் பற்றிக் கவலையில்லை. ஜிப்சம் பூச்சு என்றால், டைல்ஸும் பசையும் கிரௌட்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 20 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள செராமிக் டைல் ஏறக்குறைய 15 கிலோ வரும் என்பதால் அது அடங்கிவிடும். கல் பலகைகள் அடங்காது.

பசையைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை முழுவதையும் அளப்பதற்கும் அடுக்கிப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம் கொண்ட டைல், இடைவெளி 2 மில்லிமீட்டர், நேருக்கு நேராக அடுக்கும் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது மூலையிலிருந்து முழு டைலாகப் பதித்துக்கொண்டே போனால் 15 டைல்கள் முடிந்ததும் வலது மூலையில் ஒரு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அந்த ஒரு விரல் அகலத் துண்டை வெட்டவும் முடியாது, வெட்டினாலும் பார்க்கச் சகிக்காது. சுவரின் நடுக்கோட்டில் ஒரு டைலின் நடுவை வைத்தால் நிலைமை இன்னும் மோசம், இரு மூலைகளிலும் அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. நடுக்கோட்டில் இரண்டு டைல்கள் சேரும் இடைவெளியை வையுங்கள். அப்போது நடுவில் 14 முழு டைல்களும், இரு முனைகளிலும் பத்துச் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான துண்டுகளும் வரும். இரண்டு பக்கமும் ஒத்திருப்பதால் கண் அதைக் குறையாகவே பார்க்காது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உங்கள் பரப்பு 1.8 சதுர மீட்டர், அதாவது 91 டைல்கள். பத்து விழுக்காடு கூட்டி 100 வாங்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் முனைத் துண்டு பாதி டைலைவிடச் சற்றுப் பெரியது என்பதால், ஒரு டைலிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்ட முடியாது. ஒரு வரிசைக்கு 16 டைல்கள், ஆறு வரிசைக்கு 96. சுவிட்ச் பெட்டிகளைச் சுற்றி உடைபடுவதையும் சேர்த்தால் 110 வாங்குவதே சரி. டைல்ஸ் பெட்டிகளின் மேலுள்ள தொகுப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின்னால் நான்கு டைல்கள் குறைந்து வாங்கப் போனால் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும்.

பதிக்கும்போது 6 மில்லிமீட்டர் பல் கொண்ட கரண்டியால் பசையை ஒரே திசையில் நேர்வரிகளாக இழுங்கள். சுழற்றிச் சுழற்றி இழுத்தால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் பதிக்கக்கூடிய இடத்துக்கு மட்டுமே பசை போடுங்கள். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஒட்டாமல் தோல் கட்டியிருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பதித்த மூன்றாவது நான்காவது டைலை ஒருமுறை பெயர்த்தெடுத்து அதன் முதுகைப் பாருங்கள். பசை ஏறக்குறைய முழுவதும் பரவியிருக்க வேண்டும். சிமென்ட் கலவையில் பதிப்பவர்கள் டைல்ஸைத் தண்ணீரில் ஊறவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். டைல் பசைக்கு அது கூடாது, முதுகு உலர்ந்தும் தூசியின்றியும் இருக்க வேண்டும்.

ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டுப் பிறகு கிரௌட். 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி என்பதால் மணல் கலக்காத கிரௌட்டை வாங்குங்கள். துடைக்கும் பஞ்சில் தண்ணீர் அதிகமாக இருந்தால் கிரௌட்டின் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். முதல்முறைக்காரர்கள் பெரும்பாலும் கெடுப்பது இந்த இடத்தில்தான். மேடையும் டைலும் சேரும் இடத்திலும், சுவர் மூலைகளிலும் கிரௌட் போடாதீர்கள். மேடையும் சுவரும் தனித்தனியே சிறிது அசையும். கிரௌட் அங்கே விரிசல் விட்டுத் தண்ணீரை உள்ளே அனுப்பும். அங்கே 3 மில்லிமீட்டர் இடத்தைச் சிலிகானுக்கு விட்டுவிடுங்கள். பழைய சிலிகானை ஒரு துணுக்குகூட மிஞ்சாமல் சுரண்டி எடுத்தாக வேண்டும், புதியது பழையதன் மேல் ஒட்டாது.

உளிச்சத்தம்:

மட்டக்கோல் பசையின் வகையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். வாளியில் குழைத்தே வரும் பசையை வாங்குங்கள் என்பது என் கருத்து. தண்ணீர் அளவு தவறுவதற்கு அதில் இடமில்லை, மிஞ்சியதை மூடி வைக்கலாம், டைலைச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும். பொடிப் பசையைக் கட்டி தட்டாமல் குழைப்பதே ஒரு தனிப் பயிற்சி.

சுவிட்ச் பெட்டிகளைப் பற்றி ஒருவரும் விரிவாகப் பேசவில்லை. சுவிட்சை அணைத்தால் போதாது, அந்தச் சுற்றின் எம்சிபியை (மின்பலகையில் அந்தச் சுற்றின் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை) இறக்கிவிட்டு, டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் வேறோர் இடத்தில் சோதித்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு இங்கே சோதியுங்கள். மூடியைத் தளர்த்தி, டைல் அதன் விளிம்புக்கு அடியில் நுழையும்படி வெட்டினால் வெட்டின் கோணல் வெளியே தெரியாது. டைலின் தடிப்பால் மூடி முன்னே வரும் என்பதால் பழைய திருகுகள் நீளம் போதாமல் போகும். நீளமான திருகுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பெட்டியையே முன்னுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் அதற்கு மின்பணியாளரை அழையுங்கள்.

நேர் வெட்டுக்குக் கீறி உடைக்கும் கைவெட்டி போதும். பெட்டியைச் சுற்றி ஆங்கில எல் எழுத்து வடிவில் வெட்ட வேண்டிய டைல்களுக்கு மின் வெட்டி பயன்படுத்துவீர்களானால், தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டதை எடுத்து, வீட்டுக்கு வெளியே வெட்டுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது.

பெயின்டைப் பொறுத்தவரை, எண்ணெய்வழி எனாமல்தான் உழைக்கும் என்று சொல்லும் கட்சியில் நான் நெடுநாள் இருந்தேன். வெளிச்சம் படாத இடத்தில் அதன் வெள்ளை மஞ்சளாகிப்போவதைப் பார்த்த பிறகு தண்ணீர்வழி எனாமலுக்கு மாறிவிட்டேன். எண்ணெய்வழியையே எடுத்தால் ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பை ஏற்றாமல் வேலை செய்யுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் வெப்பத்தை விடும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானே தீப்பற்றுவதுண்டு. வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

மட்டக்கோல்:

குழைத்து வரும் பசையைப் பற்றிய ஒரு திருத்தம் மட்டும். அது தன் ஈரத்தை இழந்துதான் இறுகுகிறது. ஈரம் உறிஞ்சும் செராமிக் டைலும் ஈரம் உறிஞ்சும் பூச்சும் என்றால் சிக்கல் இல்லை. பெயின்ட் அடித்த சுவரில், நீர் உறிஞ்சாத போர்சலைன் டைலை அதனால் ஒட்டினால் ஈரம் போக வழியில்லாமல் நாட்கணக்கில் இளகியே கிடக்கும். பொடிப் பசை சிமென்டைப் போல வேதிவினையால் இறுகுவது, அதற்கு இந்தக் குறை இல்லை. ஆகவே எந்த டைல் என்று முடிவு செய்த பிறகு பசையை வாங்குங்கள்.

புதுக்கை:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வார இறுதி என்ற கனவைக் கைவிட்டுவிட்டோம். இன்று சோதனைகள் மட்டும் செய்தோம்.

சிங்க்குக்குப் பின்னால் நாடாவோடு உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் வந்துவிட்டது, அதன் அடியில் வேறு நிறத்தில் இன்னொரு பழைய பெயின்ட் இருக்கிறது. மற்ற இரண்டு இடங்களிலும் ஒன்றும் வரவில்லை. பூச்சு சிமென்ட்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் மேடை இடமிருந்து வலமாக 9 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக எங்கள் கண்ணுக்கு அது நேராகவே தெரிந்தது. டைல்ஸை மேடையோடு ஒட்டிக் கொண்டுபோவதா, மட்டத்துக்குக் கொண்டுபோவதா? சுவர் முழுவதையும் சுரண்ட வேண்டுமா, சிங்க்குப் பக்கம் மட்டும் போதுமா?

மட்டக்கோல்:

மட்டத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மேடை மிகத் தாழ்ந்திருக்கும் இடது முனையிலிருந்து டைலின் உயரத்தோடு 5 மில்லிமீட்டர் (சிலிகானுக்கு 3, டைல் இடைவெளிக்கு 2) கூட்டிக் குறியிட்டு, அங்கிருந்து சுவரின் முழு நீளத்துக்கும் மட்டக்கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் நேரான ஒரு மரச்சட்டத்தைத் தற்காலிகமாகத் திருகி, அதன் மேல் இரண்டாவது வரிசையிலிருந்து பதித்துக்கொண்டு மேலே போங்கள். சட்டம் இருப்பதால் டைல்கள் வழுக்கி இறங்காது. மறுநாள் சட்டத்தைக் கழற்றிவிட்டு முதல் வரிசையைப் பதிக்கலாம். இடது முனையில் முழு டைல், வலப்புறம் போகப்போகச் சிறிது சிறிதாகக் குறைத்து வெட்டி, கடைசியில் 9 மில்லிமீட்டர் குறைவாக வரும். மேடையில் எப்போதும் ஏதாவது நின்றுகொண்டிருக்கும், அந்தச் சரிவை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. மேல் வரிசையிலும் வெட்டு வரும், ஆனால் அது அலமாரியின் அடியில் மறைந்துவிடும். சட்டத்தைத் திருகும்போது, சுவிட்ச் பெட்டிகளுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதீர்கள், கம்பி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

சுரண்டுவது பற்றி: சிங்க்குப் பக்கம், இளகிய பெயின்ட் நின்று உறுதியானது தொடங்கும் எல்லை வரை சுரண்டினால் போதும். அதற்கு முன், ஈரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கறுத்த சிலிகான் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்; குழாயடியில் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் டைல்ஸால் மூடாதீர்கள். அடியில் இன்னொரு பெயின்ட் இருப்பதாகச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீடு பழையது என்றால், சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்துவிட்டுச் சுரண்டுங்கள், கதவுகளுக்கும் இது பொருந்தும். ஈயம் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அந்த வேலையை அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவது நல்லது, குறிப்பாகச் சிறு குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ வீட்டில் இருந்தால்.

தூரிகை:

கதவுகளைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள், சகோதரி. 14 கதவுகளையும் கழற்றுவதற்கு முன், ஒரு கதவின் உள்பக்கத்திலும், மைக்கா பலகையில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையிலும் எல்லாப் படிகளையும் செய்து, ஒரு வாரம் விட்டு, நாணயத்தின் விளிம்பால் கீறிப் பாருங்கள். தொட்டால் ஒட்டாமல் காய்வதற்குச் சில மணி நேரம் போதும், ஆனால் பெயின்ட் உள்ளே முழுவதும் இறுக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். கதவுகளை மாட்டிய பிறகும் அந்தக் காலத்தில் ஈரத்துணியால் தேய்ப்பதையும் ஓங்கிச் சாத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

புதுக்கை:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். ஈயச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே தொடங்கினோம். மரக்கதவில் நாணயத்தால் கீறியதில் கோடு விழுந்தது, பெயின்ட் பெயரவில்லை. மைக்கா மூலையில் கீறியதும் சுருள் சுருளாக வந்துவிட்டது. அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே மர ப்ரைமரையே அடித்திருந்தோம் என்பது டப்பாவைத் திரும்பப் படித்தபோது தெரிந்தது, தவறு எங்களுடையதுதான். இப்போது வழவழப்பான பரப்புக்கான ப்ரைமரை வாங்கி, பக்கத்து மூலையில் அடித்துவிட்டுக் காத்திருக்கிறோம். நேற்றுக் குழாயடியில் ஒரு வாஷரை மாற்றியதில் கசிவு நின்றிருக்கிறது. சுவர் நன்றாக உலரட்டும் என்று டைல்ஸ் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. மரச்சட்டத்துக்கான மட்டக்கோட்டை மட்டும் என் கணவர் மூன்று முறை இழுத்து, மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்ததில் அளவுகடந்த மகிழ்ச்சியில் இருக்கிறார்.